நந்தவனத்துக் களையும் நாவரசர் உழவாரமும்

(பள்ளிபாளையத்தில் திருநாவுக்கரசு சுவாமிகள் குருபூசை விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சித்திரைச் சதயம் அப்பரடிகள் திருப்புகலூரில் இறைவன் திருவடி எய்திய திருநாள். ஆண்டுதோறும் இந்நாளில் நீற்றறை குளிர்ந்ததையும், கல் தெப்பமாக மிதந்ததையும், திங்களூரில் அப்பூதியடிகளின் மைந்தன் உயிர்பெற்று எழுந்ததையும் கேட்டு உள்ளம் உருகுகிறோம். அவற்றை விரித்துரைக்கும் ஆற்றல் வாய்ந்த அறிஞர்கள் இம்மேடையில் நமக்கு முன்னும் பேசினார்கள். பின்னும் பேச இருக்கிறார்கள். ஆதலின் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. அடிகள் கையில் இருந்த கருவியைப் பற்றியே பேச எண்ணுகிறோம்.

சிவாலயத் திருச்சுற்றில் அறுபத்துமூவர் வரிசையைப் பாருங்கள். நாவரசர் கூப்பிய கையோடு நிற்பார்; தோளிலோ கைக்குள்ளோ உழவாரம் சாய்ந்திருக்கும். நீண்ட காம்பு, அதன் நுனியில் தட்டையான இரும்பு அலகு. அதனைக்கொண்டு ஏர்போல உழ முடியாது. கடப்பாரைபோலக் குழி தோண்டவும் முடியாது. நிலத்தோடு ஒட்டி வளர்ந்த புல்லையும் பூண்டையும் செதுக்கி அகற்றுதற்கு அமைந்த கருவி அது. சமயக் குரவர் நால்வருள் களைக்கருவி ஏந்தியவர் நாவரசர் ஒருவரே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இப்பொருளை இன்று எடுத்தற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வூர்ப் பக்கத்தில் நந்தவனப் பணி செய்யும் அன்பர்கள் சிலர் நம்மை அணுகி, "ஐயா, நந்தவனத்தில் களை மண்டிவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. திருவிழாவுக்குள் களைக்கொல்லி அடித்துவிடலாமா? அடித்தால் தோஷமா?" என்று வினவினார்கள். அவ்வினாவில் உள்ள வருத்தம் நமக்கு விளங்காமல் இல்லை. பள்ளிபாளையம் விசைத்தறி ஊர். இரவு பகல் பாராமல் தறி ஓடுகிறது. காகித ஆலையும் சர்க்கரை ஆலையும் வேறு உள்ளன. தறிக்குப் போனால் நிழலில் வேலை, வாரந்தவறாமல் கூலி. சித்திரை வெயிலில் முதுகு வளைத்துக் களை வெட்ட யார் வருவார்? முன்பு நந்தவனத்திற்கென்று இருந்த பண்டாரங்களின் மரபும் பல ஊர்களில் அற்றுப்போயிற்று. ஆதலின் "அடிக்கலாமா" என்று கேட்டவர்களைக் கடிந்துரைப்பது நம் கருத்தன்று. "ஆகும்" "ஆகாது" என்று ஒரு சொல்லில் விடை சொல்லிச் செல்வதற்கும் மனம் வரவில்லை. களை என்பது யாது, அந்த மருந்து அதனை என்ன செய்கிறது, அதனைத் தெளிப்பவர் என்ன ஆகிறார் என்பவற்றை எண்ணிப் பார்த்த பின்னரே விடை சொல்லுதல் முறை.

முதலில் திருப்புகலூருக்குச் செல்வோம். அடிகள் முதுமையில் அங்கே தங்கி, திருமுன்றிலில் புல் செதுக்கும் பணியை இடைவிடாது செய்துவந்தார். அவருடைய பற்றின்மையை உலகுக்குக் காட்டத் திருவுளங்கொண்ட இறைவன், உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் விளங்கச் செய்தான் என்பது சேக்கிழார் பெருமான் வாக்கு. அடிகள் என்ன செய்தார்? அவற்றையும் பரல் கற்களையும் ஒன்றாகவே கண்டு, அதே உழவாரத்தில் ஏந்தி அருகிருந்த குளத்தில் எறிந்தார். இந்நிகழ்ச்சியைப் பற்றின்மைக்கு எடுத்துக்காட்டாகவே நாம் எல்லோரும் பேசி வருகிறோம். அது பொருத்தமே. அதனுள் களைபற்றிய பாடம் ஒன்றும் இருக்கிறது. பொன் இழிந்த பொருள் அன்று. அரசன் கருவூலத்தில் இருந்தால் அது செல்வம். அடியார் நடக்கும் திருமுன்றிலில் அதற்கு வேலை இல்லை. இடத்துக்கு ஒவ்வாததாகையால் அது களை ஆயிற்று. எது களை என்று முடிவு செய்தது உழவாரத்தின் அலகு அன்று. அதனைப் பிடித்திருந்தவர் கண்.

இதே புகலூரில்தான் முருக நாயனாரும் வாழ்ந்தார். கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூவும் பறித்து மாலை தொடுத்த தொண்டர் அவர். ஒருவர் களை நீக்குகிறார். ஒருவர் பூத் தொடுக்கிறார். இரண்டும் ஓர் ஊரில், ஒரு திருமுன்னில் நிகழ்ந்தன.

இனி, நம் நந்தவனத்துக்கு வருவோம். சிவபூசைக்கு உரிய எட்டு மலர்கள் என்று நூல்கள் வகுத்தவை புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டை, நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்பனவாம். கமலை ஞானப்பிரகாசர் இதற்கென்றே 'புட்பவிதி' என ஒரு நூல் செய்தார். இவ்வெட்டினுள் வெள்ளெருக்கைப் பாருங்கள். எந்த உழவர் தம் காட்டில் எருக்கை வைத்துப் பாதுகாக்கிறார்? வெட்டி எறியவே செய்கிறார். எட்டுக்கு அப்பால் சென்றால் தும்பை: மானாவாரி நிலமெங்கும் தானே முளைக்கும் பூண்டு. ஊமத்தை: குப்பைமேட்டில் வளர்வது. ஆயினும் இவை பெருமான் திருமுடியில் ஏறின.

நவக்கிரக வேள்விக்கு உரிய சமித்துகளை எண்ணுங்கள். ஞாயிற்றுக்கு எருக்கு, புதனுக்கு நாயுருவி, இராகுவுக்கு அறுகு, கேதுவுக்குத் தருப்பை. ஒன்பதில் நான்கு உழவர் கண்ணுக்குக் களை. அறுகைப் போல நந்தவனத்தில் தொல்லை தருவது வேறில்லை. மல்லிகைப் பாத்தியில் படர்ந்துவிட்டால் கணுவுக்குக் கணு வேர் விட்டுக் கெட்டிப்படும். ஆனால் விநாயகர் சதுர்த்திக்கு முதல்நாள் அதே அறுகைக் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்குகிறோம்!

பூவென்று போற்றிக் கொண்டுவரப்பட்டுக் களையாய்ப்போனவையும் உண்டு. ஊதாப் பூவின் அழகுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை இன்று என்ன செய்கிறது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. காவிரியில் கதவணைகளுக்கு இடையே நீர் தேங்கி நிற்கும் காலங்களில் பாலத்தின்மேல் நின்று பார்த்தால் ஆறு தெரியாது. பச்சைப் பாய் விரித்தது போலிருக்கும். மலைக்காடுகளை அடைத்துக்கொண்டுள்ள உண்ணிச்செடியும் 19ஆம் நூற்றாண்டில் அழகுச் செடியாகவே இந்நாட்டுக்கு வந்தது.

களையை ஆணவ மலத்துக்கு உவமை சொல்லுவோர் உண்டு. கேட்க இனிமையாக இருப்பினும் அவ்வுவமை முற்றும் பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. மலம் எக்காலத்தும் மலமே. களையோ, பாத்தியில் நின்றால் களை. வேலியோரம் நின்றால் வில்வத்தோடு கூடையில் ஏறும் பொருள். நெல்லுக்கு உமிபோல என்று சித்தாந்த நூல்கள் சொன்ன உவமையே மலத்துக்குத் தக்கது.

இப்போது களைக்கொல்லியைப் பார்ப்போம். நம் மக்கள் இதனை "மருந்து" என்றே சொல்லுகிறார்கள். மருந்து அடித்தேன், மருந்து வாங்கினேன் என்பர். பிணி தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல் வழங்குவது நமக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கும். அது நிற்க.

இவை ஒரே தன்மையின அல்ல. விதை முளைக்கும்போதே இளவேரைத் தடுப்பவை ஒருவகை, பெண்டிமெத்தலின் அத்தகையது. முன்னரே வளர்ந்து நிற்கும் செடியை அது ஒன்றும் செய்யாது. பட்ட இடத்தை மட்டும் கருக்குபவை மற்றொரு வகை, பாராகுவாட் அத்தகையது. இலைவழி புகுந்து வேர்வரை சென்று முழுச் செடியையும் மாய்ப்பவை இன்னொரு வகை. 1974ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த கிளைபோசேட் அவற்றுள் பெயர்பெற்றது. அகன்ற இலைச் செடிகளை மட்டும் தாக்கிப் புல்லை விட்டுவிடும் 2,4-டி போன்றவையும் உண்டு. புல்லை மட்டும் தாக்கி அகன்ற இலைச் செடிகளை விட்டுவிடுபவையும் உண்டு.

இவற்றை நந்தவனத்தோடு பொருத்திப் பாருங்கள். நம் நந்தவனத்தில் உள்ளவை எவை? மல்லிகை, முல்லை, அலரி, நந்தியாவட்டை, செம்பருத்தி, வில்வம்: எல்லாம் அகன்ற இலையின. நெல் வயலுக்கும் கரும்புக்கும் ஏற்ற 2,4-டியை இங்கே தெளித்தால் அறுகு நிற்கும், மல்லிகை சுருளும். பக்கத்து நிலத்தில் தெளித்ததே ஆடிக்காற்றில் மிதந்து வந்து பருத்தியையும் தக்காளியையும் இலை சுருளச் செய்வதை வேளாண்மை செய்வோர் அறிவர். கிளைபோசேட்டோ வேற்றுமை பாராதது. பச்சையாக உள்ளது எதன்மேல் பட்டாலும் உள்ளே இறங்கும். அலரிக்குக் கீழே உள்ள புல்லுக்கு அடிக்கும்போது அலரியின் தாழ்ந்த தளிரில் நாலு துளி பட்டாலும் அந்தக் கிளை வாடும். புல்லை மட்டும் மாய்ப்பவற்றை அடித்தால் பூஞ்செடி பிழைக்கும். ஆனால் நந்தவனத்தின் தலைக்களையாகிய கோரை புல்லினம் அன்று, ஆதலின் அதுவும் பிழைக்கும்! முளைக்குமுன் தடுப்பவை கோரைக்கிழங்கை அடக்குவதில்லை. ஆகவே, கடையில் வாங்கி வந்து ஒரே நாளில் தெளித்து நந்தவனத்தைத் தூய்மை செய்துவிடலாம் என்பது வீண் எண்ணம். களையும் பூவும் கலந்து நிற்கும் இடத்தில் பொறுக்கி எடுக்க வேண்டும். கலந்து நிற்பதுதானே நந்தவனத்தின் இயல்பு?

நெசவு செய்யும் பெருமக்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடி எடுத்து முடிகிறீர்கள். பாவையே அறுத்தெறிபவர் யார்?

தீங்கு உண்டா இல்லையா என்று கேட்பீர்கள். கிளைபோசேட், செடிகள் தமக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைச் சமைத்துக்கொள்ளும் வழியை அடைக்கிறது. அவ்வழி மாந்தர் உடம்பிலும் விலங்குகள் உடம்பிலும் இல்லை. அதனால் நமக்குக் கேடில்லை என்று சொல்லியே விற்றார்கள். 2015ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இது மாந்தர்க்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்னும் வகையில் சேர்த்தது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு அதனை ஏற்கவில்லை. அறிஞர் வழக்கு தீராமலே நடக்கிறது. நம் நடுவணரசு 2022 அக்டோபரில், பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளரைத் தவிரப் பிறர் இதனைப் பயன்படுத்தலாகாது என்று அறிவிக்கை வெளியிட்டது. இலங்கை 2015இல் முற்றிலும் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இரப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தியது. வல்லவர்களே ஒரு முடிவில் நில்லாதபோது, இறைவனுக்குச் சார்த்தி, பிரசாதமாக நம் குழந்தை கையில் கொடுத்து, வில்வத்தை வாயிலும் இடுகிறோமே, அந்த இடத்தில் அதனை ஏன் கொண்டுவர வேண்டும்?

இலையையும் பூவையும்விட நம் நெஞ்சை அறுப்பது தெளிப்பவர் நிலை. இங்கிருந்து தெற்கே கருவூரில் வாழ்ந்த சிவகாமியாண்டார் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். எறிபத்த நாயனார் புராணத்தில் வருபவர். வைகறையில் நீராடி, தம் மூச்சுக் காற்று மலரில் படலாகாது என்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டு நந்தவனம் புகுந்து பூப்பறித்தார். இன்று களைக்கொல்லிப் புட்டியின் மேலும் வாயையும் மூக்கையும் கட்டிக்கொள்க என்று அச்சிட்டிருக்கிறது. அன்று மலருக்குத் தீங்கு வாராமல் மனிதர் வாய் கட்டினார். இன்று மலர்ப்பாத்தியில் தெளிப்பது தமக்குத் தீங்கு செய்யாமலிருக்க வாய் கட்டுகிறார். அதுவும் நம் வெயிலில் யார் கட்டுகிறார்கள்? வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, முதுகில் கைத்தெளிப்பானைச் சுமந்து, அது ஒழுகி முதுகு நனைவதையும் பாராமல் நடக்கிறார்கள்.

இது கற்பனைக் கவலை அன்று. மலேசியாவின் செம்பனை, இரப்பர்த் தோட்டங்களில் களைக்கொல்லி தெளிக்கும் வேலை நெடுங்காலம் பெண்கள் கையிலேயே இருந்தது. அவர்களுள் மிகப் பலர் நம் தமிழ்ப் பெண்கள். பாராகுவாட் தெளித்துத் தெளித்து நகம் கறுத்து உதிர்ந்ததும், மூக்கில் குருதி கசிந்ததும், கண் எரிந்ததும் அவர்கள் வாழ்க்கை ஆயிற்று. தெனாகனித்தா என்னும் தொண்டமைப்பு அவர்களிடையே ஆய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டே மலேசிய அரசு தடை அறிவித்தது. தோட்ட முதலாளிகள் வருந்தி வேண்ட 2006இல் தளர்த்தியது. 2020 சனவரி முதல் நாளிலிருந்துதான் முற்றாகத் தடை செய்தது. ஐரோப்பிய நாடுகளில் 2007லேயே அது நீங்கிவிட்டது. ஒரு மிடறு உள்ளே சென்றாலும் மீட்பதற்கு மாற்று மருந்து இல்லாத நஞ்சு அது. பதினெட்டு ஆண்டுகள் நம் சகோதரிகளின் கைகள் அந்த இழுபறிக்கு விலை கொடுத்தன. நந்தவனத்துக்கு அதனைக் கூலி கொடுத்துத் தெளிக்கச் செய்து, பூவை மட்டும் நாம் தூய்மையாகக் கையில் வாங்கிக்கொள்வது எவ்வாறு சிவத்தொண்டாகும்?

வேறொரு வழியும் சொல்லக் கேட்கிறோம். "ரசாயனம் வேண்டாம், உப்பைக் கரைத்து ஊற்றினால் போதும்" என்பர். பார்த்தீனியத்துக்கு உப்புக் கரைசல் தெளிக்கும் வழக்கம் வேளாண் துறையினர் சொன்னதுதான். சாலையோரத்துக்கும் தரிசுக்கும் அது பொருந்தும். பூப்பாத்தியில் ஊற்றினால் மண்ணில் உப்பு தங்கி மல்லிகை வேரையும் கருக்கும். உப்பும் ரசாயனமே அல்லவா? அடுக்களையில் இருப்பதனால் அது சாது ஆகிவிடாது.

பின் என்ன செய்வது? உழவாரத்தைக் கையில் எடுக்க வேண்டும். ஆனால் அறிவோடு எடுக்க வேண்டும். இதனைச் சற்று விரித்துச் சொல்ல அன்பர்கள் பொறுத்தருள்க.

கோரையைக் கண்டவுடன் களைக்கொத்தால் மேலே வெட்டிவிட்டுப் போகிறோம். அது அதற்கு உரமிட்டது போலாகும். மண்ணுக்குள் கிழங்குகள் மணிமாலைபோலத் தொடர்ந்து கிடக்கின்றன. ஈரமண்ணில் கொத்தினால் மாலை அறுந்து ஒவ்வொரு மணியும் தனித்தனியே முளைக்கும். ஆகவே மழைக்காலத்தில் கோரையைக் கொத்துதல் கூடாது. அதற்குரிய காலம் இந்தச் சித்திரை, வைகாசியே. வெற்றுப் பாத்திகளை ஒரு சாண் ஆழத்துக்கு மேல் கொத்திப் புரட்டிக் கிழங்குகளை வெயிலில் போட்டுவிட வேண்டும். ஈரம் முழுதும் வற்றிச் சுக்காக உலர்ந்த கிழங்கு முளைக்காது. பள்ளிபாளையத்து வெயிலைக் குறை சொல்லாதவர் இல்லை. இந்த ஒரு பணிக்கு அதனினும் சிறந்த தொண்டர் கிடையாது. பொறுக்கிய கிழங்கையும் வீணாக்க வேண்டா. முத்தக்காசு என்று நாட்டு மருந்துக்கடையில் விற்பது அதுதான். நம் தாய்மார் குளியற்பொடியில் சேர்ப்பது அதுதான். கோரைக்கு நிழல் ஆகாது என்பதையும் நினைவில் வைக்கலாம். செடிகளை நெருக்கி நட்டு, இலை மூடி நிலம் இருண்டால் அது தானே மெலியும். பாலித்தீன் தாளைப் பரப்பினால் கோரை முனை அதனையும் குத்திக்கொண்டு வெளியே வரும். ஆதலின் அதனை நம்பற்க.

பிற விதைக்களைகளுக்கு மூடாக்கு நல்லது. விதை முளைக்க வெளிச்சம் படக்கூடாது, அவ்வளவே. இவ்வட்டாரத்தில் கரும்புத் தோகைக்கும் கடலைத் தொட்டிக்கும் பஞ்சமில்லை. நான்கு விரற்கடைப் பருமனில் பரப்பினால் களை குறைவதோடு நீரும் மிஞ்சும். செடியின் தண்டை ஒட்டி மட்டும் குவிக்கலாகாது, அழுகும். சாயமேறிய நூற்கழிவைப் பரப்புவது நன்றன்று. கிழிந்து கலந்து மண்ணோடு போகும் பொருள் பூவுக்கு அடியில் சாயமாக இருக்க வேண்டுமா என்று எண்ணிப் பாருங்கள்.

எருவிலும் கவனம் வேண்டும். ஆட்டெருவையும் மாட்டெருவையும் பச்சையாகக் கொட்டினால் அவை மேய்ந்த களைகளின் விதையெல்லாம் நம் பாத்தியில் வந்து முளைக்கும். குவித்து, நன்றாகச் சூடேறி மக்கிய பிறகே இடுதல் வேண்டும். வாய்க்கால் நீர் பாயும் நந்தவனமாயின் தலைமடையில் ஒரு சல்லடை வைத்தாலே பாதி விதை நின்றுவிடும். வள்ளுவர் உழவு அதிகாரத்தில் எருவிடுதலையும் நீர் பாய்ச்சுதலையும் சொல்லும் குறளில் இரண்டுக்கும் நடுவே களை கட்டலை வைத்தார் என்பது எத்துணை நுட்பம்!

பார்த்தீனியத்துக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1950களின் நடுவில் புணேயில் முதலில் கவனிக்கப்பட்டு, இன்று நாடெங்கும் பரவிய செடி இது. இதற்கு எந்தப் பூசையிலும் இடமில்லை. கருணை காட்ட வேண்டா. ஆனால் வெறுங்கையால் பிடுங்காதீர்கள். தோலில் தடிப்பும் அரிப்பும், சிலருக்கு மூச்சிரைப்பும் வரும். கையுறை அணிந்து, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். வெள்ளைப்பூ வருமுன் பிடுங்க வேண்டும் என்பது உயிர்நிலை. பூத்து முற்றினால் ஒரு செடியே பல்லாயிரம் விதை உதிர்க்கும்.

எப்போது பிடுங்குவது? முளைத்ததிலிருந்து பூப்பதற்கு அதற்கு ஏறக்குறைய நான்கு வாரமாவது வேண்டும். நம் கோயில்களில் பிரதோஷம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. பிரதோஷந்தோறும் மாலை வழிபாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் நந்தவனத்தில் இறங்கினால், ஒரு பார்த்தீனியமும் விதை கட்ட முடியாது. முன்னோர் இதற்காகவே பிரதோஷத்தை வைத்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுவது இப்போது நாகரிகமாகி வருகிறது. தற்செயலாகப் பொருந்தி வந்தது, பயன்படுத்திக்கொள்வோம். பிரதோஷத்துக்கு நந்தியைச் சூழ எத்தனை பேர் நிற்கிறோம்! அவருள் இருபது பேர் வந்தால் பத்து சென்ட் நந்தவனம் ஒரு மணி நேரப் பணி. ஆள் கிடைக்கவில்லை என்னும் குறைக்கு அங்கேயே விடை நிற்கிறது.

களைக்கொல்லியை நாம் அடியோடு மறுக்கிறோமோ என்று ஐயுற வேண்டா. ஓரிடத்தில் அதற்கு வேலை உண்டு. கோபுரத்திலும் விமானத்திலும் பறவைகள் இட்ட எச்சத்தில் ஆலும் அரசும் முளைக்கின்றன. அவற்றைக் கையால் ஒடித்தால் கல்லிடுக்கில் வேர் நின்று மீண்டும் தழைக்கும். ஒவ்வொரு முறையும் வேர் பருத்துக் கல்லைப் பிளக்கும். இழுத்துப் பிடுங்கினால் சுதைச் சிற்பமும் உடன் பெயர்ந்து விழும். அங்கே அறிந்தவரைக் கொண்டு, வெட்டிய அடித்தண்டில் மட்டும் மருந்தைத் தூரிகையால் தடவி வேரை மாய்ப்பதே கட்டடத்தைக் காக்கும் வழி. தெளிக்கக் கூடாது, தடவ வேண்டும். இளங்கன்றாக, நாலு இலையோடு இருக்கும்போதே பார்த்து எடுத்துவிட்டால் அதுவும் தேவைப்படாது. திருப்பணிக் குழுவினர் கும்பாபிடேகத்துக்குக் கும்பாபிடேகம் பன்னிரண்டு ஆண்டு காத்திராமல், ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் அண்ணாந்து பார்த்தல் நலம்.

வினவிய அன்பர்களுக்கு நம் விடை இதுவே: பூப்பாத்திக்குள் களைக்கொல்லி வேண்டா. நாளைக் காலை ஆறு மணிக்கு வெயில் ஏறுமுன் நந்தவனத்தில் கூடலாம் என்று அவர்களோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். களைக்கொத்து உள்ளவர்கள் கொண்டு வருக. கையுறை பத்து இணை அங்கே இருக்கும். பார்த்தீனியம் பிடுங்குவோர் மட்டும் அவற்றை எடுத்துக்கொள்க. கீழ்ப்புறத்து வெற்றுப் பாத்தி இரண்டிலும் கோரை எடுக்க வேண்டும். கிழங்கைப் பொறுக்கிச் சிமெந்துத் தரையில் பரப்புக. வடக்கு மதிலோரம் வரிசையாக நிற்கும் தும்பையையும், கிணற்றுக்கு அருகே உள்ள வெள்ளெருக்கையும் தொடவேண்டா. நாயுருவியில் ஒரு புதர் விட்டுவைக்குமாறு குருக்கள் ஐயா சொல்லியிருக்கிறார்; எந்தப் புதர் என்பதை அவரே வந்து காட்டுவார்.